கொழுக்கட்டை எங்கே போனது? சொல்லின் ஒலியும் பொருளும் மனத்தில் நிற்கும் விதம்

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளையின் கதையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் குறைவு. அதுவரை அந்தப் பண்டத்தைக் கண்டிராத அவன், பெயரைக் கேட்டுக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் மனைவியிடம் செய்யச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிடுகிறது. தாண்டும் வேகத்தில் 'அத்திரிபாச்சா' என்று கத்துகிறான். மறுகரையில் கால் வைக்கும்போது வாயில் இருப்பது 'அத்திரிபாச்சா' மட்டுமே. அதையே சொல்லிக்கொண்டு வீடு வந்து, அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான். மனைவி விழிக்கிறாள், சண்டை முற்றி அடித்தும்விடுகிறான். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, 'ஐயோ, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே' என்கிறாள். 'அதுதான், அதுதான்!' என்று குதிக்கிறான்.

மனைவி அடி வாங்குவதைச் சிரிப்பாக்கியிருப்பது இன்று உறுத்துகிறது. ஆனால், மனம் ஒரு சொல்லை எப்படிப் பிடித்துவைக்கிறது, எப்படி நழுவவிடுகிறது என்பதைக் கதை கட்டியவர்கள் மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள். அவன் எதை மறந்தான் என்று யோசித்துப் பாருங்கள். பண்டத்தின் உருவம், உள்ளே இருந்த பூரணம், ஆவியில் வெந்த மாவின் மணம், அதை எங்கே தின்றான் என்பது எல்லாம் அவனிடம் பத்திரமாக இருக்கின்றன. போனது ஒலி மட்டும். ஒரு சொல்லின் பொருளும் ஒலியும் மனத்தில் ஒரே இடத்தில், ஒரே விதமாக நிற்பவையாக இருந்தால் இந்தக் கதை நடந்திருக்க முடியாது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரும், தேர்வில் விடை மறந்த மாணவரும் 'எனக்கு ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். திரைப்படங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாம் அழிந்துபோகும் நாயகர்களுக்கும் இதே பெயரைத்தான் சூட்டுகிறோம். உளவியலில் குறுகிய கால நினைவு என்பதற்குப் பொருள் அதுவன்று. அது நிமிடக் கணக்கில்கூட வராது, நொடிக் கணக்கு. யாரோ சொன்ன ஆறு இலக்க எண்ணை, அலைபேசியில் அழுத்தி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளின் நினைவே குறுகிய கால நினைவு. காலையில் வைத்த சாவியின் இடம் நினைவிலிருந்து வர வேண்டுமானால், அது நீண்ட கால நினைவிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்விரண்டும் வேறு வேறு என்பதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்கரான ஹென்றி மொலேசன். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருடைய மூளையின் இருபுறத்திலும் பொட்டுப்பகுதியின் உட்புறத்தை அறுத்து அகற்றினார்கள். அதன் பிறகு 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. அரைமணி நேரம் முன்பு சந்தித்தவரையே புதியவராகப் பார்த்தார். ஆனால் எண்களை வரிசையாகச் சொன்னால் நம்மைப் போலவே திருப்பிச் சொன்னார். ஒருமுறை 584 என்ற எண்ணைக் கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னபோது, 5, 8, 4 ஆகியவற்றைக் கூட்டி 17 என்றும், அதிலிருந்து 8 போனால் 9 என்றும், 9-ஐ 5 ஆகவும் 4 ஆகவும் பிரிக்கலாம் என்றும் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டே 15 நிமிடம் அதை உயிரோடு வைத்திருந்தார். கவனம் வேறு பக்கம் திரும்பிய அடுத்த நிமிடம் எண்ணும் போயிற்று. எண் கொடுக்கப்பட்டது என்ற செய்தியும் போயிற்று. ஆக, திரைப்பட நாயகனைப் போன்றவர்களுக்குக் குறுகிய கால நினைவு நன்றாகவே இருக்கிறது. அதிலிருந்து நீண்ட கால நினைவுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

தையல்காரரின் மேசை

தையற்கடையில் ஓர் அலமாரியும் ஒரு மேசையும் இருக்கும். அலமாரியில் துணிகள் ஆண்டுக்கணக்கில் அடுக்கிக் கிடக்கும். மேசையில் இப்போது வெட்டவேண்டிய துணி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, கத்தரிக்கோல் ஆகியவை மட்டும். மேசை துணி சேமிக்கும் இடம் அன்று. வேலை நடக்கும் இடம். மனத்தின் அந்த மேசைக்கு 'செயல்நினைவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வொர்க்கிங் மெமரி என்பார்கள். தேவையான சிலவற்றைச் சில நொடிகள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே அவற்றைக் கொண்டு ஏதேனும் செய்வதுதான் செயல்நினைவு. 47-ஐயும் 38-ஐயும் மனக்கணக்காகக் கூட்டும்போது, ஒற்றை இலக்கங்களைக் கூட்டி வந்த 15-இல் ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றை மேலே கொண்டுபோகிறோமே, அந்த ஐந்து காத்திருக்கும் இடம் அதுதான்.

1974-இல் பிரிட்டிஷ் உளவியலாளர்களான ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் இந்த மேசை ஒரே பலகையால் ஆனது அன்று என்றார்கள். ஒலிகளைப் பிடித்துவைக்க ஒரு பகுதி, காட்சிகளையும் இடங்களையும் பிடித்துவைக்க இன்னொரு பகுதி, எதில் கவனம் செலுத்துவது என்று தீர்மானிக்கும் மேலாளர் ஒன்று என அவர்களுடைய படம் மூன்று உறுப்புகளைக் கொண்டிருந்தது. நமக்கு இங்கே முக்கியமானது முதலாவது உறுப்பு. அதை 'ஒலிச்சுழல்' என்று அழைக்கலாம்.

மேசையின் அளவைப் பற்றியும் ஒரு சொல். 'மனத்தில் ஏழு பொருள்கள்தாம் நிற்கும்' என்ற வாசகம் பலருக்கும் பழக்கம். அது ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து புறப்பட்டது. அவர் வலியுறுத்தியது ஏழு என்ற எண்ணை அன்று. எண்ணப்படும் அலகு மாறக்கூடியது என்பதை. 1, 9, 4, 7, 1, 8, 5, 7 என்று தனித்தனியாகக் கேட்டால் எட்டு அலகுகள். விடுதலை பெற்ற ஆண்டும் சிப்பாய்ப் புரட்சியின் ஆண்டும் என்று பிடிபட்டுவிட்டால் இரண்டே அலகுகள். இப்படி ஒன்றாகக் கட்டப்பட்ட அலகைக் 'கொத்து' என்று சொல்லலாம். மனத்துக்குள் திருப்பிச் சொல்லும் வழியை அடைத்துவிட்டு அளந்தால் ஏறத்தாழ நான்கு கொத்துகளே நிற்கின்றன என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டார். இன்று பெரும்பாலும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை வந்ததைத் திரட்டினால்: நீண்ட கால நினைவு அலமாரி, செயல்நினைவு மேசை. மேசை சிறியது, நொடிகளில் காலியாவது, அதன் ஒரு பகுதி ஒலிக்கென்றே அமைந்தது.

கண்ணால் படித்தாலும் காதில் கேட்கிறது

ஒலிக்கென்று தனிப் பகுதி இருப்பது எப்படித் தெரியும்? 1964-இல் இங்கிலாந்தின் கான்ராட், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, பார்த்த வரிசையிலேயே எழுதச் சொன்னார். யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். அப்படியிருக்க, தவறுகள் வடிவம் ஒத்த எழுத்துகளுக்கிடையில் நேர்ந்திருக்க வேண்டும். நேர்ந்ததோ ஒலி ஒத்த எழுத்துகளுக்கிடையில். 'பி' மறந்தவர்கள் 'வி' என்று எழுதினார்கள். 'எஃப்' மறந்தவர்கள் 'எஸ்' என்று எழுதினார்கள். கண் கொண்டுவந்து கொடுத்ததை மனம் ஒலியாக மாற்றிப் பிடித்துவைத்திருந்தது.

இரண்டாண்டுகள் கழித்து பேட்லி சொற்களைக் கொண்டு இதையே சோதித்தார். தமிழில் வேண்டுமானால் நீங்களே செய்து பார்க்கலாம். 'மலை, மழை, மாலை, வலை, வாழை' என்ற ஐந்து சொற்களை யாரிடமாவது ஒருமுறை சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு 'குடை, தயிர், ஆணி, விளக்கு, பசு' என்பதைச் சொல்லுங்கள். பின்னது எளிதாக வரும்; முன்னதில் வரிசை குழம்பும். பேட்லியின் ஆங்கிலச் சோதனையில் ஒலி ஒத்த ஐந்து சொற்களைச் சரியான வரிசையில் சொன்னது பத்தில் ஒரு தடவை அளவுக்குத்தான். ஒலி ஒவ்வாதவற்றில் பத்துக்கு எட்டு. அடுத்து, 'பெரிய, நீண்ட, உயர்ந்த, அகன்ற, பருத்த' என்பது போலப் பொருள் நெருங்கிய சொற்களைக் கொடுத்தார். அவற்றில் சரிவு மிகச் சிறிது.

இங்கேதான் கதை திரும்புகிறது. சொற்பட்டியலை நீளமாக்கி, பலமுறை கேட்கவைத்து, இடைவெளி விட்டுக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: ஒலி ஒப்புமை பெரிய தொல்லை தரவில்லை, பொருள் ஒப்புமைதான் குழப்பியது. இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு, 'குறுகிய கால நினைவில் இருப்பது ஒலி, நீண்ட கால நினைவில் இருப்பது பொருள்' என்பது. பாடநூல்களில் இன்றும் இந்த வாக்கியத்தைக் காணலாம். பாதி சரி. மறுபாதி எங்கே தவறுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கவிதைப் பயிற்சி உள்ளவர்கள் இந்த இடத்தில் எதிர்க்கேள்வி கேட்பார்கள். எதுகையும் மோனையும் பாட்டை மனப்பாடமாக்க உதவுகின்றன அல்லவா, ஒலி ஒப்புமை எப்படிக் கெடுதலாகும்? இரண்டும் உண்மை. எதுகை, அடுத்த அடியில் வரக்கூடிய சொற்களின் எண்ணிக்கையைச் சுருக்குகிறது. ஆகவே 'எந்தச் சொல்' என்பதற்கு உதவுகிறது. 'எது முன், எது பின்' என்ற வரிசையை அது காப்பாற்றாது. பாட்டில் வரிசையைக் காப்பாற்றுவது பொருளும் யாப்பும்.

ஊதுகுழலும் தணலும்

ஒலிச்சுழலுக்குள் நடப்பதைப் பார்க்க விறகடுப்புக்குப் போவோம். நாலைந்து தணல் துண்டுகள் இருக்கின்றன. எல்லாம் தணிந்துகொண்டே வருகின்றன. உங்கள் கையில் ஓர் ஊதுகுழல். ஒன்றை ஊதுகிறீர்கள், அது சிவக்கிறது, அடுத்ததற்குப் போகிறீர்கள். கடைசித் துண்டை ஊதிவிட்டு முதலாவதற்குத் திரும்பும்போது அது இன்னும் அணையாமல் இருந்தால் எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருக்க முடியும். அணைந்துவிட்டிருந்தால் அது போனதுதான்.

தணல்கள் கிடக்கும் இடம் 'ஒலிக்கிடங்கு'. கேட்ட சொல்லின் ஒலித்தடம் அதில் இரண்டு நொடி அளவு நிற்கும். ஊதுகுழல் 'அகவோதல்', அதாவது உதடு அசையாமல் மனத்துக்குள் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது. கிடங்கும் ஓதலும் சேர்ந்ததே ஒலிச்சுழல். மாப்பிள்ளை வாய்விட்டுச் செய்ததை நாம் பெரும்பாலும் வாய்க்குள் செய்கிறோம், அவ்வளவுதான்.

இந்த ஒப்புமை சரியென்றால் ஒரு விளைவு தானாகவே வந்தாக வேண்டும். ஒவ்வொரு துண்டையும் ஊத அதிக நேரம் பிடித்தால், காப்பாற்றக்கூடிய துண்டுகள் குறைய வேண்டும். 1975-இல் பேட்லியும் உடனிருந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். நீளமான சொற்கள் குறைவாகவும் குறுகிய சொற்கள் மிகுதியாகவும் நினைவில் நின்றன; ஒருவர் ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய சொற்கள் எத்தனையோ, அத்தனையே அவருக்கு நின்றன. சொல்லும் நேரம்தான் காரணமா, அசைகளின் எண்ணிக்கையா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை என்றாலும், நீளம் நினைவைத் தின்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இதன் மிகச் சுவையான பயன்பாடு வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்தது. அங்கே வேல்ஸ் மொழியில் அறிவுத்திறன் சோதனை எழுதிய குழந்தைகள், எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியில் அமெரிக்கக் குழந்தைகளைவிடப் பின்தங்கினார்கள். குழந்தைகளிடம் குறை என்று முடிவுகட்டியிருக்கலாம். 1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் இரு மொழியும் பேசுகிறவர்களை எடுத்துச் சோதித்தபோது, வேல்ஸ் எண்ணுப்பெயர்களை உச்சரிக்க ஆங்கில எண்ணுப்பெயர்களைவிட அதிக நேரம் பிடிப்பதும், அதே ஆட்கள் ஆங்கிலத்தில் அதிக எண்களையும் வேல்ஸ் மொழியில் குறைந்த எண்களையும் நினைவில் வைப்பதும் தெரிந்தது. குறை குழந்தைகளிடம் இல்லை. எண்ணுப்பெயர்களின் நீளத்தில் இருந்தது.

நம் பக்கம் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பதுவரை தமிழ் எண்ணுப்பெயர்களில் ஓரசைச் சொல் ஒன்றுகூட இல்லை. பேச்சில் சுருக்கி 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்றாலும் இரண்டுக்குக் குறையாது, 'ஒம்பது' மூன்று. ஆங்கிலத்தில் 'செவன்' ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே அசை. வாழ்நாள் முழுதும் தமிழில் பேசுகிறவர்கூட அலைபேசி எண்ணை மட்டும் 'நைன் எய்ட் ஃபோர்' என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடப் பழக்கம் முதன்மையான காரணமாக இருக்கலாம். ஆனாலும், பத்து இலக்கங்களைச் சுழலுக்குள் சுற்றவைக்க வேண்டியிருக்கும்போது குட்டையான பெயர்கள் வசதியானவை என்பதும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாய்க்கால் தாண்டும்போது என்ன நடந்தது

ஊதுகுழல் ஒன்றுதான். அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் தணல் அணையும். ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்வது மிக எளிது. சொற்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஏதேனும் ஒரு பொருளற்ற ஒலியை, 'த, த, த' என்று விடாமல் சொல்லச் சொல்வார்கள். உடனே நினைவில் நிற்கும் சொற்கள் குறையும். அதோடு, நீளச் சொல்லுக்கும் குட்டைச் சொல்லுக்கும் இருந்த வேறுபாடும் மறைந்துவிடும். ஊதவே முடியாதபோது ஊத எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்கு இடமில்லை. 1959-இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்து, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். 18 நொடியில் அந்த மூன்று எழுத்துகளும் பெரும்பாலோரிடம் அழிந்துவிட்டிருந்தன.

மளிகைக் கடைக்கு அனுப்பப்படும் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். 'துவரம்பருப்பு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, உளுத்தம்பருப்பு ஒரு கிலோ.' தெருமுனை வரை பிசகாமல் சொல்லிக்கொண்டு போகிறான். கூட்டாளி ஒருவன் 'எங்கடா போற?' என்கிறான். 'கடைக்கு' என்று ஒரே ஒரு சொல். அது போதும். கடையில் நிற்கும்போது மூன்று பருப்பு என்பது தெரியும், அரை, கால், ஒன்று என்ற அளவுகளும் தெரியும். எது எதற்கு என்பது போய்விட்டிருக்கும். ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்து, எல்லாச் சொல்லும் 'பருப்பு' என்றே முடியும் பட்டியலைக் கொடுத்து அனுப்பிய அம்மாவிடமும் கொஞ்சம் பிழை உண்டு.

'அத்திரிபாச்சா'வும் இதே வேலையைத்தான் செய்தது. புதிய ஒலி ஓதும் வாயைப் பிடித்துக்கொண்டது. பழைய ஒலி அணையும்வரை விடவில்லை.

மீண்டும் சுருக்கமாக: கேட்ட ஒலி சுமார் இரண்டு நொடியில் மங்குகிறது, அகவோதல் அதைப் புதுப்பிக்கிறது, நீளமான சொற்களும் ஒலி ஒத்த சொற்களும் குறுக்கே வரும் பேச்சும் அதைக் கெடுக்கின்றன.

பொருள் எங்கே நிற்கிறது

இப்போது, முன்பு தள்ளிவைத்த மறுபாதிக்கு வருவோம். குறுகிய கால நினைவில் ஒலி மட்டுமே இருக்கிறது என்றால், ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வதே இயலாது. தொடர்பற்ற சொற்களைக் கொடுத்தால் நம்மால் ஐந்து அளவுக்குத் திருப்பிச் சொல்ல முடிகிறது. அவையே ஒரு வாக்கியமாக அமைந்தால் பதினைந்து அளவுக்குப் போகிறது. இரண்டு நொடிச் சுழலுக்குள் பதினைந்து சொற்கள் அடங்க வழியில்லை. வேறெதோ தாங்கிப் பிடிக்கிறது. இந்த இடைவெளி பேட்லியையும் உறுத்தியது. ஒலி, காட்சி, நீண்ட கால அறிவு எல்லாம் ஒன்றுசேரும் நான்காவது உறுப்பு ஒன்றை 2000-ஆம் ஆண்டில் அவர் தம் படத்தில் சேர்த்துக்கொண்டார்.

தனிச்சொற்களிலேயே பொருளின் கை தெரிகிறது. 1991-இல் ஹியூமும் உடன் ஆய்ந்தவர்களும் ஆங்கிலேயர்களுக்கு அவர்கள் அறியாத இத்தாலியச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். நினைவு குறைவாக இருந்தது. பிறகு அச்சொற்களின் பொருளைக் கற்பித்துவிட்டு மறுபடி சோதித்தபோது நினைவு கூடியது. சொல் அதே, நீளம் அதே, சோதனை அதே. சொல் அவர்களுக்கு அறிமுகமாகியிருந்தது என்பதுதான் வேறுபாடு. தணலை ஊதிப் பிடிப்பது ஒரு வழி; அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவைப்பது இன்னொரு வழி. தடம் பாதி மங்கினாலும், தெரிந்த சொல்லென்றால் மீதியை மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இந்த இட்டு நிரப்புதல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பாட்டரும் லொம்பார்டியும் 1990-இல் காட்டினார்கள். மன்னர் காலத்து மாளிகை ஒன்றைக் குதிரைவீரன் சுற்றிவரும் வாக்கியம் ஒன்றைக் கொடுத்தார்கள். அத்துடன் வேறொரு வேலையாகத் தந்த சொற்பட்டியலில் 'கோட்டை' என்ற பொருளுடைய சொல்லைச் செருகிவைத்தார்கள். வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னபோது பலர் 'மாளிகை'யை விட்டுவிட்டுக் 'கோட்டை' என்றார்கள். மாற்றியதை உணரவும் இல்லை. ஆகவே, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும்போது நாம் ஒலிப்பதிவை மீண்டும் ஓடவிடுவதில்லை. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அருகில் கிடக்கும் சொற்களைக் கொண்டு வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுகிறோம். 'அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்' என்று தொடங்கும் சாட்சியங்களை நினைத்துப் பார்க்கலாம்.

ஒலி எவ்வளவு விரைவில் கைவிடப்படுகிறது என்பதை ஜாக்குலின் சாக்ஸ் 1967-லேயே அளந்திருந்தார். ஒரு கதைப் பகுதியை ஒலிக்கச் செய்து, நடுவில் நிறுத்தி, முன்பு வந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே மாற்றிக் காட்டி, 'இதுவா கேட்டது?' என்று வினவினார். வாக்கியம் முடிந்த உடனேயே கேட்டால் எந்த மாற்றத்தையும் பிடித்துவிட்டார்கள். இடையில் 80 அசை அளவு, அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பேச்சு ஓடிவிட்டால், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றியதுகூடக் கண்ணில் படவில்லை. பொருள் மாறினால் மட்டும் உடனே பிடித்துவிட்டார்கள்.

பெயர்ச்சொல் வரும்வரை

ஒலிக்கு ஒரு பிடி, பொருளுக்கு ஒரு பிடி என்பது வெறும் உருவகமா, மூளையிலேயே அப்படித்தானா? அதற்கு விடை நோயாளிகளிடமிருந்து வந்தது. மூளைப் பாதிப்புக்குப் பின் ஒலிப்பிடியை இழந்த ஒருவரைப் பற்றி 1975-இல் வெளிவந்த ஆய்வில், 'குடியிருப்பு அமைதியான சுற்றுப்புறத்தில் அமைந்திருந்தது' என்ற பொருளுடைய வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது அவர், 'குடியிருப்பு சந்தடியில்லாத வட்டாரத்தில் இருந்தது' என்ற பொருள்படச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சொற்கள் போய்விட்டன, பொருள் சேதமின்றி நிற்கிறது. கொழுக்கட்டை மாப்பிள்ளையேதான்.

இதற்கு நேர் எதிரானவரையும் தேடிப் பிடித்தால்தான் வாதம் முழுமை பெறும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டி மார்ட்டினும் உடன் ஆய்ந்தவர்களும் 1994-இல் அப்படிப்பட்ட இருவரை ஒப்பிட்டார்கள். ஆய்வேட்டில் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட அவர்களில் ஈ. ஏ. என்பவருக்கு ஒலிப்பிடி பழுது, ஏ. பி. என்பவருக்குப் பொருள்பிடி பழுது. தனிச்சொற்களின் பொருள் ஏ. பி.க்குத் தெரியும். பலவற்றின் பொருளை ஒரே நேரத்தில் சில நொடிகள் தாங்கி நிற்பதுதான் முடியவில்லை.

அவருக்கு எந்த வாக்கியம் கடினம் என்பதுதான் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரவேண்டிய இடம். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று அடைகளை அடுக்கி, வாக்கியம் பொருந்துகிறதா என்று கேட்டால் ஏ. பி. தடுமாறினார். அதே அடைகளைப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வைத்தால் அவ்வளவு தடுமாற்றம் இல்லை. ஈ. ஏ.க்கு இந்த முன்பின் வேறுபாடு தொல்லை தரவில்லை. காரணம் எளிது. 'துருப்பிடித்த, பழைய, சிவந்த' என்று கேட்கும்போது இவற்றைப் பூட்டுவதற்கு இன்னும் பெயர்ச்சொல் வந்து சேரவில்லை. மூன்றின் பொருளையும் அந்தரத்தில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெயர்ச்சொல் முதலில் வந்துவிட்டால், வரும் அடை ஒவ்வொன்றையும் வந்தவுடன் அதன்மேல் மாட்டிவிட்டுக் கையைக் காலியாக்கிக்கொள்ளலாம்.

நம் மொழியோ காத்திருப்பதையே இலக்கணமாகக் கொண்டது. 'போன மாதம் சந்தையில் பேரம் பேசி வாங்கி, மாடியில் காயவைத்து, மழையில் நனைந்துபோன மிளகாய்' என்ற தொடரில், எதைப் பற்றிப் பேச்சு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை வாங்கியதும் காயவைத்ததும் நனைந்ததும் பெயரின்றிக் காத்திருக்கின்றன. வினைமுற்றும் வாக்கியத்தின் இறுதியில்தான். தமிழ் கேட்கிறவர்கள் இதற்காகத் திணறுவதில்லை; வேற்றுமை உருபுகளும் முன்னே வந்த சொற்களும் அடுத்து வரக்கூடியதை ஊகிக்க வழிசெய்கின்றன. காய்கிறது என்றதும் மிளகாயோ வடகமோ மனத்தில் எழுந்துவிடுகிறது. ஆயினும் அலுவலகச் சுற்றறிக்கைகளில் எட்டு எச்சங்களை அடுக்கிவிட்டு ஒன்பதாவதாகப் பெயர்ச்சொல்லைக் கண்ணில் காட்டும் வாக்கியங்களைப் படித்து மூச்சு முட்டியிருந்தால், முட்டியது எந்தப் பிடி என்பது இப்போது தெரிந்திருக்கும்.

மூளைப் படங்களும் இந்தப் பிரிவினைக்கு இடம் காட்டுகின்றன. ஒலிக்கிடங்கு இடப்பக்க உச்சிமடலின் கீழ்ப்பகுதியோடும், அகவோதல் பேச்சுக்குரிய புரோக்கா பகுதியோடும், பொருள்பிடி இடப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதியோடும் தொடர்புபடுத்தப்படுகின்றன. எல்லைகள் சுவர் வைத்ததுபோல் இல்லை. தொடக்கநிலை வாசகருக்கு இவ்வளவு போதும்.

புதுச் சொல்லுக்கு ஒலியே வாசல்

வாக்கியத்தைப் பொருளே தாங்குகிறது என்றால் ஒலிச்சுழல் எதற்கு என்ற கேள்வி எழலாம். ஒலிப்பிடி பழுதானவர்கள் அன்றாட உரையாடலில் பெரிதாகத் தடுமாறுவதில்லை என்பது ஆய்வாளர்களையே முதலில் குழப்பியது. விடை, பி. வி. என்று குறிக்கப்படும் இத்தாலியப் பெண்மணியிடம் கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பின் அவரால் காதில் விழும் எண்களில் இரண்டு மூன்றைத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. 1988-இல் வெளியான ஆய்வில் அவருக்கு இரு வேலைகள் கொடுத்தார்கள். தெரிந்த இத்தாலியச் சொற்களை இணை இணையாகக் கற்பது ஒன்று. எல்லாரையும் போல் கற்றார். இத்தாலியச் சொல்லுக்கு இணையாக, அவர் அறியாத ருஷ்யச் சொல்லைக் கேட்டுக் கற்பது மற்றொன்று. பத்து முறை திருப்பிக் கொடுத்த பிறகும் எட்டில் ஒன்றைக்கூட அவரால் கற்க முடியவில்லை.

தெரிந்த சொல்லுக்கு அலமாரியில் இடம் ஏற்கெனவே உண்டு. தெரியாத சொல்லுக்கு இல்லை. அதன் ஒலி தொடக்கத்திலிருந்து முடிவுவரை, வரிசை கலையாமல், சில நொடிகள் எங்கேனும் நின்றால்தான் இடமே உருவாகத் தொடங்கும். ஒலிச்சுழல் அந்த நிற்குமிடம். நான்கு வயதுக் குழந்தைகளிடம் பொருளற்ற புனைசொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து கேதர்கோலும் பேட்லியும் நடத்திய ஆய்வுகளில், அதைப் பிசகாமல் செய்த குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டில் சொல்வளம் கூடுதலாக இருந்தது. சற்று வளர்ந்த பிறகு உறவு திசைமாறுகிறது: சொல்வளம் மிகுந்த குழந்தை, தெரிந்த சொற்களின் சாயலைக் கொண்டு புதுச்சொல்லை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. காது கேளாத, சைகைமொழி பேசுவோரிடமும் ஒத்த ஒரு சுழல் உண்டு. கைவடிவம் ஒத்த சைகைகள், நமக்கு ஒலி ஒத்த சொற்களைப் போலவே அவர்களுக்கு வரிசையைக் குழப்புகின்றன.

மாப்பிள்ளைக்குக் கொழுக்கட்டை என்பது பி. வி.க்கு ருஷ்யச் சொல் போன்றது: நாக்குக்குத் தெரிந்த பண்டம், காதுக்குப் புதிய பெயர். மாமியார் வீட்டு வாசலிலிருந்து வாய்க்கால் கரைவரை அவன் விடாமல் ஓதியது வீணாகிவிடவில்லை. தானாக எடுத்துச் சொல்லப் போதாத, ஆனால் மீண்டும் கேட்டால் இன்னதென்று சொல்லப் போதுமான ஒரு மங்கல் தடம் அலமாரியில் விழுந்திருந்தது. எடுத்துச் சொல்வதைவிட அடையாளம் காண்பது எப்போதும் எளிது. 'பேர் வாயில வருது, சொல்ல வரலை' என்கிற ஒருவரிடம் சரியான பெயரைச் சொன்னால் உடனே தலையாட்டுவதும் இதனால்தான். பாட்டி 'பூரி மாதிரி வீங்கிப்போச்சே' என்று சொல்லியிருந்தாலும், அது இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எது என்றுதான் சொல்லத் தெரிந்திருக்காது.